தோல் மென்தசைக் கட்டி

தோல் மென்தசைக் கட்டி என்பது தோலில் உள்ள மென்தசை உயிரணுக்களிலிருந்து தோன்றும் அரிய, தீங்கற்ற கட்டி ஆகும். மருத்துவ நூல்களில் இது தோல் லியோமயோமா என்று வழங்கப்படுகிறது. செந்நிறமாகவோ பழுப்பு நிறமாகவோ உள்ள, கெட்டியான சிறு முண்டுகளாக இக்கட்டி தோலில் காணப்படும். தொட்டாலோ, அழுத்தினாலோ, குளிர் பட்டாலோ வலிப்பது இதன் குறிப்பிடத்தக்க இயல்பு.

இக்கட்டியால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஒருவருக்குப் பல கட்டிகள் தோன்றினால், அவை பரம்பரையாக வரும் ஒரு மரபணுக் குறைபாட்டின் வெளிப்பாடாக இருக்கக்கூடும். அக்குறைபாடு பெண்களுக்குக் கருப்பைக் கட்டிகளையும், இருபாலருக்கும் விரைந்து பரவும் ஒருவகைச் சிறுநீரகப் புற்றுநோயையும் உண்டாக்கவல்லது. தோலில் தெரியும் கட்டியைக் கொண்டு ஒரு குடும்பத்தின் சிறுநீரக நோயை முன்கூட்டியே அறிய இயலும் என்பதே இந்த அரிய நோயைப் பற்றி அறிந்திருப்பதன் முதன்மையான பயனாகும்.

பெயர்க் காரணம்

மனித உடலில் எலும்புத் தசை, இதயத் தசை, மென்தசை என மூவகைத் தசைகள் உள்ளன. மென்தசை நம் விருப்பப்படி இயங்குவதன்று. குடல், இரத்தக் குழாய், கருப்பை, சிறுநீர்ப்பை ஆகியவற்றின் சுவர்களில் அமைந்து தானாக இயங்குவது. நுண்ணோக்கியில் காணும்போது இதில் குறுக்கு வரிகள் இராததால் வரியற்ற தசை என்றும் பெயர் பெறும். கிரேக்க மொழியில் லியோஸ் என்பது வழவழப்பையும், மிஸ் என்பது தசையையும் குறிக்கும். ஓமா என்னும் ஈறு கட்டியைக் குறிக்கும். இவை சேர்ந்து லியோமயோமா என்னும் பெயர் அமைந்தது.

மென்தசைக் கட்டிகள் உடலில் மிகுதியாகத் தோன்றும் இடம் கருப்பை. பெண்களிடம் பரவலாகக் காணப்படும், ஃபைப்ராய்டு எனப்படும் கருப்பைக் கட்டியும் மென்தசைக் கட்டியே. அதனோடு ஒப்பிட, தோலில் தோன்றும் மென்தசைக் கட்டி மிகவும் அரிது.

வகைகள்

தோலில் மென்தசை மூன்று இடங்களில் உள்ளது. அவற்றின் அடிப்படையில் இக்கட்டியும் மூன்று வகைப்படும்.

1. மயிர்த்தசைக் கட்டி: ஒவ்வொரு மயிர்க்காலுடனும் ஒரு சிறு மென்தசை இணைந்துள்ளது. குளிரிலும் அச்சத்திலும் இத்தசை சுருங்கி மயிரை நிமிர்த்துகிறது. மயிர்க்கூச்செறிதல் அல்லது புல்லரித்தல் என்று சொல்லப்படுவது இதுவே. இத்தசையிலிருந்து தோன்றுவது மயிர்த்தசைக் கட்டி. ஒருவருக்குப் பலவாகத் தோன்றுவதும், பரம்பரை நோயுடன் தொடர்புடையதும் பெரும்பாலும் இவ்வகையே.

2. குழல்தசைக் கட்டி: தோலிலும் தோலுக்கு அடியிலும் உள்ள சிறு இரத்தக் குழாய்களின் சுவரிலிருந்து தோன்றுவது. நடுத்தர அகவையினரிடம், பெரும்பாலும் காலில், ஒற்றைக் கட்டியாகக் காணப்படும். ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி. இவ்வகை பொதுவாகப் பரம்பரை நோயுடன் தொடர்பற்றது.

3. பிறப்புறுப்பு, முலைக்காம்புக் கட்டி: விதைப்பை, பெண் புறப்பிறப்புறுப்பு, முலைக்காம்பு ஆகிய இடங்களின் தோலில் உள்ள மென்தசையிலிருந்து தோன்றுவது. பெரும்பாலும் ஒற்றைக் கட்டியாக இருக்கும். மற்ற இரு வகைகளைப் போல இது அவ்வளவாக வலிப்பதில்லை.

அறிகுறிகள்

மயிர்த்தசைக் கட்டிகள் பெரும்பாலும் 20 முதல் 40 அகவைக்குள் தோன்றத் தொடங்கும். சில மில்லிமீட்டரிலிருந்து 2 செண்டிமீட்டர் வரை அளவுள்ள இவை, தொட்டால் தோலோடு ஒட்டியும் அடியில் நகரக்கூடியனவாகவும் இருக்கும். மார்பு, முதுகு, தோள், கை கால்கள், முகம் ஆகிய இடங்களில் இவற்றைக் காணலாம். சிலருக்கு ஓரிடத்தில் கொத்தாகவும், சிலருக்கு உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகவும், சிலருக்கு உடலெங்கும் சிதறியும் காணப்படும். நாளடைவில் எண்ணிக்கை கூடலாம். நூற்றுக்கு மேற்பட்ட கட்டிகள் உள்ளவர்களும் உண்டு.

வலியே பலரை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும் அறிகுறி. குத்துவது போன்றோ, எரிவது போன்றோ, அழுத்திப் பிசைவது போன்றோ வலி வரும். சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ தணிந்துவிடுவதும் உண்டு. நெடுநேரம் நீடிப்பதும் உண்டு. குளிர்ந்த நீர், குளிரூட்டப்பட்ட அறை, உடையின் உராய்வு, மன எழுச்சி ஆகியவை வலியைத் தூண்டக்கூடும். சிலருக்கு வலியே இராது.

வலி ஏன் உண்டாகிறது என்பதற்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. கட்டி வளர்ந்து அருகிலுள்ள நரம்பிழைகளை அழுத்துவது ஒன்று. கட்டியிலுள்ள தசை இயல்பான தசையைப் போலவே சுருங்குவது மற்றொன்று. மயிர்த்தசையைச் சுருக்கும் அதே பரிவு நரம்புகள் குளிரிலும் அச்சத்திலும் தூண்டப்படுவதால், வலி குளிரோடும் மன எழுச்சியோடும் சேர்ந்து வருவதை இரண்டாவது விளக்கம் தெளிவுபடுத்துகிறது. தசைச் சுருக்கத்தைத் தணிக்கும் மருந்துகளால் சிலருக்கு வலி குறைவதும் இதனோடு பொருந்துகிறது.

நோயறிதல்

கண்ணால் பார்த்து மட்டும் இக்கட்டியை உறுதி செய்ய இயலாது. கட்டியின் ஒரு சிறு பகுதியை, அல்லது முழுக் கட்டியையும், எடுத்து நுண்ணோக்கியில் ஆய்வதே உறுதியான வழி. இது திசு ஆய்வு அல்லது பயாப்சி எனப்படும்.

நுண்ணோக்கியில், தோலின் உள்ளடுக்கில் ஒன்றோடொன்று பின்னிய தசைநார்க் கற்றைகள் தெரியும். அவற்றிலுள்ள உயிரணுக்கள் நீண்டு, இளஞ்சிவப்பு நிறச் சாயம் ஏற்றிருக்கும். அவற்றின் உட்கரு இரு முனைகளும் மழுங்கிய சுருட்டு வடிவில் இருப்பது மென்தசையின் அடையாளம். மேசன் மூவண்ணச் சாயம் தசையைச் சிவப்பாகவும் இணைப்பு நாரை நீலமாகவும் காட்டி, இக்கட்டியை நார்க்கட்டியிலிருந்து பிரித்தறிய உதவும். ஆக்டின், டெஸ்மின் ஆகிய தசைப் புரதங்களைக் காட்டும் எதிர்ப்பொருள் சாயங்களும் பயன்படுகின்றன. உயிரணுப் பிரிவு மிகுந்தும் உட்கருக்கள் ஒழுங்கற்றும் இருந்தால், அது மென்தசைப் புற்றாக இருக்கக்கூடும் என்பதால் கூடுதலாக ஆராயப்படும்.

இக்கட்டியை ஒத்துத் தோன்றும் பிற நோய்கள் பல. அவற்றுள் சில:

- நரம்புநார்க் கட்டி: தொட்டால் மென்மையாக இருக்கும், பெரும்பாலும் வலிக்காது.
- தோல் நார்க்கட்டி: பெரும்பாலும் காலில் தோன்றும், இரு பக்கமும் கிள்ளினால் நடுவில் குழியும்.
- தழும்புக் கட்டி: காயம் அல்லது பரு இருந்த இடத்தில் வளரும்.
- குளோமஸ் கட்டி: பெரும்பாலும் நகத்தின் அடியில் தோன்றும், இதுவும் குளிரில் வலிக்கும்.
- குழல்கொழுப்புக் கட்டி: தோலுக்கு அடியில் மென்மையாக இருக்கும், அழுத்தினால் வலிக்கும்.
- தொழுநோய் முண்டுகள்: பொதுவாக வலியற்றவை, பெரும்பாலும் முகத்திலும் காது மடலிலும் காணப்படும். எனினும் தொழுநோய் எதிர்வினையின்போது காய்ச்சலோடு வலியுள்ள சிவந்த முண்டுகள் திடீரெனத் தோன்றுவதுண்டு.

மரபியல் காரணம்

பல மயிர்த்தசைக் கட்டிகள் உள்ளவர்களிடம், ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் என்னும் நொதியை உருவாக்கும் மரபணுவில் பிழை காணப்படுவதுண்டு. எஃப்.எச் மரபணு எனப்படும் இது 1ஆம் நிறப்புரியின் நீண்ட கையில் அமைந்துள்ளது.

உயிரணு உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் வழிகளில் கிரெப்ஸ் சுழற்சி முதன்மையானது. அச்சுழற்சியில் ஃபியூமரேட் என்னும் பொருளை மாலேட் என்னும் பொருளாக மாற்றுவது இந்நொதியின் வேலை. ஒவ்வொருவரிடமும் இம்மரபணுவின் இரு படிகள் உள்ளன. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. பிறக்கும்போதே ஒரு படி பிழையுடன் இருந்தாலும், மற்றொரு படி வேலையைச் செய்துவிடும். வாழ்நாளில் ஏதேனும் ஓர் உயிரணுவில் நல்ல படியும் பழுதடைந்தால், அங்கு நொதி முற்றிலும் இல்லாமற்போய் ஃபியூமரேட் தேங்குகிறது. தேங்கிய ஃபியூமரேட்டால், போதிய உயிர்வளி இருந்தும் அது இல்லாதது போன்ற குறிப்புகள் உயிரணுவுக்குள் எழுகின்றன. புதிய இரத்தக் குழாய்களைத் தூண்டும் மரபணுக்கள் முடுக்கப்பட்டு, உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குகிறது.

இக்குறைபாடு ஓங்கு மரபுவழியில் கடத்தப்படுகிறது. அதாவது, பெற்றோருள் ஒருவரிடம் இருந்தாலே, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மகன், மகள் என்னும் வேறுபாடு இல்லை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குத் தோல் கட்டிகளும், மற்றொருவருக்குக் கருப்பைக் கட்டியும், இன்னொருவருக்குச் சிறுநீரகப் புற்றும் தோன்றலாம். வெவ்வேறு உறுப்புகளில் தோன்றுவதால் இவை ஒரே நோயின் கூறுகள் என்பது எளிதில் புலப்படுவதில்லை.

பரம்பரை மென்தசைக் கட்டி, சிறுநீரகப் புற்றுக் கூட்டறிகுறி

எஃப்.எச் மரபணுப் பிழையால் தோன்றும் இந்நோய்த் தொகுதி மூன்று உறுப்புகளைத் தாக்குகிறது.

தோல்: பெரும்பாலானவர்களிடம் முதலில் வெளிப்படுவது தோல் கட்டிகளே. ஆயினும் சிலருக்கு ஒரே ஒரு கட்டி இருப்பதும், சிலருக்குக் கட்டியே இல்லாதிருப்பதும் உண்டு.

கருப்பை: இக்குறைபாடுள்ள பெண்களில் பெரும்பாலானோருக்குக் கருப்பைக் கட்டிகள் தோன்றுகின்றன. பொதுவாக 30 அல்லது 40 அகவைக்கு மேல் காணப்படும் இக்கட்டிகள், இவர்களுக்கு 20களிலேயே, பலவாகவும் பெரியனவாகவும் தோன்றி, மிகுந்த உதிரப்போக்கையும் வலியையும் உண்டாக்கும். பலருக்கு இளம் அகவையிலேயே கருப்பை அகற்றப்பட்டிருக்கும்.

சிறுநீரகம்: இக்குறைபாடு உள்ளவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகப் புற்று தோன்றுவதாகப் பல ஆய்வுகள் கணக்கிடுகின்றன. பெரும்பாலும் 40 அகவையை ஒட்டித் தோன்றினாலும், சிறார்களிடமும் காணப்பட்டதுண்டு. பிற பரம்பரைச் சிறுநீரகப் புற்றுகள் சிலவற்றில், கட்டி 3 செண்டிமீட்டர் அளவை எட்டும்வரை கண்காணித்துக் காத்திருப்பது வழக்கம். இவ்வகையிலோ கட்டி சிறிதாக இருக்கும்போதே நிணநீர்க் கணுக்களுக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவக்கூடும் என்பதால், காத்திராமல் உடனே அறுவை செய்து அகற்றுவர்.

கண்காணிப்பு

திசு ஆய்வில் உறுதி செய்யப்பட்ட பல தோல் மென்தசைக் கட்டிகள் உள்ள ஒருவருக்கு எஃப்.எச் மரபணு ஆய்வு பரிந்துரைக்கப்படுகிறது. ஒரே கட்டியாக இருந்தாலும், குடும்பத்தில் இளம் அகவையில் கருப்பைக் கட்டியோ சிறுநீரகப் புற்றோ இருந்திருந்தால் ஆய்வு தேவைப்படும். இதற்கு இரத்த மாதிரி போதும். பிழை உறுதியானால், அதே பிழை உள்ளதா என்று உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் ஆராயலாம். பிழை இல்லை என்று தெரிந்தவர்களுக்குத் தொடர் கண்காணிப்புத் தேவையில்லை.

பிழை உள்ளவர்களுக்கு வழக்கமாகக் கூறப்படும் கண்காணிப்பு:

- 8 முதல் 10 அகவையில் தொடங்கி, ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகங்களின் எம்.ஆர்.ஐ படம்.
- பெண்களுக்கு 20 அகவையை ஒட்டித் தொடங்கி, ஆண்டுக்கு ஒருமுறை மகப்பேறு மருத்துவரின் ஆய்வு.
- ஆண்டுக்கு ஒருமுறை தோல் ஆய்வு. விரைந்து வளரும் அல்லது தோற்றம் மாறும் கட்டி திசு ஆய்வுக்கு உட்படுத்தப்படும்.

மீயொலி வருடல், அதாவது பொதுவழக்கில் ஸ்கேன் எனப்படும் எளிய ஆய்வு, இக்கண்காணிப்புக்குத் தனியே போதுமானதன்று. இவ்வகைச் சிறு கட்டிகள் அதில் தெரியாமற்போகக்கூடும். எனவே மீயொலி வருடலில் கட்டி ஏதும் தெரியாததை மட்டும் கொண்டு சிறுநீரகம் நலமாக உள்ளது என்று முடிவு செய்வதில்லை.

நெருங்கிய உறவுத் திருமணம்

தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் ஆகிய உறவுகளுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் உள்ளது. இம்மரபணுவைப் பொறுத்தவரை இதில் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. கணவன், மனைவி இருவரும் இம்மரபணுவில் பிழையைக் கொண்டிருந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை இரு பிழையான படிகளையும் பெற 4இல் 1 வாய்ப்பு உள்ளது. அவ்வாறு பிறக்கும் குழந்தைக்கு ஃபியூமரேஸ் குறைபாடு என்னும் கடுமையான நோய் உண்டாகும். மூளை வளர்ச்சிக் குறை, வலிப்பு, தசைத் தளர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். எனவே இக்குறைபாடு உள்ள குடும்பத்தில் உறவுக்குள் திருமணம் பேசும்போது மரபியல் ஆலோசனை பெறுவது பயனுடையது.

மருத்துவம்

வலியோ தோற்றக் குறையோ தராத கட்டிகளுக்கு மருத்துவம் தேவையில்லை. ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும் இருந்தால் அறுவை செய்து அகற்றலாம். பல கட்டிகள் இருந்தால் எல்லாவற்றையும் அகற்றுவது இயலாது. அகற்றிய இடத்தில் மீண்டும் தோன்றுவதும் உண்டு. அத்தகையோருக்கு வலியைத் தணிக்கும் வழிகளே பெரிதும் கையாளப்படுகின்றன.

- நிஃபெடிபின்: தசை சுருங்கத் தேவையான கால்சியம் உயிரணுவுக்குள் நுழைவதைக் குறைக்கிறது.
- டாக்சசோசின், ஃபீனாக்சிபென்சமின்: பரிவு நரம்புகளின் தூண்டலைத் தடுக்கின்றன.
- காபாபென்டின்: நரம்புவழி வலியைத் தணிக்கிறது.
- கரியமில வளி லேசர், குளிர்முறை மருத்துவம்: கட்டிகளை அழிக்கப் பயன்படுகின்றன.

நிஃபெடிபின், டாக்சசோசின் போன்றவை இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடியவை. ஆகையால் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே கொள்ளத்தக்கவை. பரவிவிட்ட சிறுநீரகப் புற்றுக்கு பெவாசிசுமாப், எர்லோடினிப் ஆகிய இரு மருந்துகளைச் சேர்த்துத் தருவது பயனளிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

வரலாறு

தோல் மென்தசைக் கட்டியை 1854இல் முதலில் விவரித்தவர் செருமானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ. நெடுங்காலம் இது தோலோடு நிற்கும் நோயாகவே கருதப்பட்டது. 1973இல் ரீட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், தோல் கட்டிகளும் கருப்பைக் கட்டிகளும் தலைமுறைதோறும் சேர்ந்து வந்த இரு குடும்பங்களைப் பற்றி எழுதினர். அதனால் இது ரீட் கூட்டறிகுறி என்றும் வழங்கப்பட்டது. 2001இல் பின்லாந்து ஆய்வாளர்கள் இத்தகைய குடும்பங்களில் சிறுநீரகப் புற்றும் வருவதைக் காட்டினர். மறு ஆண்டே, 2002இல், பல நாட்டு ஆய்வாளர்களின் கூட்டு முயற்சியில் இதற்குக் காரணம் எஃப்.எச் மரபணு என்று கண்டறியப்பட்டது. கிரெப்ஸ் சுழற்சியை ஆன்சு கிரெப்ஸ் 1937இலேயே விளக்கியிருந்தார். உயிர்வேதியியல் பாடமாகப் பல தலைமுறை மாணவர்கள் படித்துவந்த அச்சுழற்சியின் ஒரு நொதி, புற்றுநோய்க்கும் வேராகக்கூடும் என்பது இக்கண்டுபிடிப்பால் தெளிவாயிற்று.

செங்கல்பட்டு வட்டாரச் சூழல்

இந்தியாவில் இந்நோய் பெரும்பாலும் தனி நோயாளர் குறிப்புகளாகவே தோல் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. வெப்பம் மிகுந்த செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரைப் பகுதிகளில், குளிரில் வலிக்கும் கட்டி என்னும் குறிப்பு எளிதில் வெளிப்படாமற்போகலாம். அதிகாலைக் குளியல், மார்கழி மாதப் பனி, குளிரூட்டப்பட்ட தொழிற்கூடம் அல்லது அலுவலகம், மீனைப் பனிக்கட்டியில் இடும் வேலை ஆகியவற்றின்போது வலி வருகிறதா என்று கேட்டறிவது இங்கு பொருத்தமாக இருக்கும்.

தொழுநோய் மருத்துவத்தில் இவ்வட்டாரம் நீண்ட வரலாறு உடையது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955இல் இந்திய நடுவண் அரசு ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக நடத்தி வந்துள்ளது. தோலில் முண்டு தோன்றினால் தொழுநோயோ என்று அஞ்சி மறைப்பது எந்த நோய்க்கும் தீமையே. தொழுநோய்ப் படையில் உணர்ச்சி குறைந்திருக்கும். மென்தசைக் கட்டியிலோ தொட்டாலே வலிக்கும். இவ்வேறுபாடு முதற்குறிப்பாக மட்டுமே உதவும். இரண்டையும் உறுதிப்படுத்துவது மருத்துவ ஆய்வே.

கூடுவாஞ்சேரி போன்ற புறநகர்ப் பகுதியினருக்குத் திசு ஆய்வு தொலைவில் இல்லை. 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதே தொடர்வண்டிப் பாதையில் தெற்கே உள்ளது. காட்டாங்குளத்தூரில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளது.

தோல் கட்டிக்காக மருத்துவரிடம் செல்பவர் பின்வரும் குடும்பச் செய்திகளை அறிந்து செல்வது நோயறிதலுக்கு உதவும்.

- தாய், உடன்பிறந்த பெண்கள், பெரியம்மா, சித்தி, அத்தை ஆகியோரில் எவருக்கேனும் கருப்பை அகற்றப்பட்டதா? எந்த அகவையில், எந்தக் காரணத்துக்காக?
- குடும்பத்தில் எவருக்கேனும் சிறுநீரகக் கட்டி இருந்ததா? சிறுநீரகம் அகற்றப்பட்டதா?
- வேறு எவருக்கேனும் தோலில் இத்தகைய வலிக்கும் முண்டுகள் உள்ளனவா?

கருப்பை அகற்றப்பட்ட செய்தி பல வீடுகளில் பெண்களுக்குள் மட்டும் பேசப்பட்டு, அடுத்த தலைமுறை ஆண்களுக்குத் தெரியாமலே போவதுண்டு. ஆனால் தாயிடமிருந்து மகனுக்கும், தந்தையிடமிருந்து மகளுக்கும் இக்குறைபாடு ஒரேபோல் கடத்தப்படுவதால், அச்செய்தி குடும்பத்தின் எல்லோருக்கும் உரியதாகும்.